வலையும் அறிவும்: பிளாந்தன் ஆய்வு வரலாற்றில் ஒரு நோக்கு

நீரோட்டத்தின்வழி அலைந்து திரியும் உயிர்கள் பிளாந்தன் எனப்படும். அவற்றுட் பெரும்பாலானவை நுணுக்குக்காட்டியினூடாகவே காணத்தக்கவை. இவை எவ்வாறு இரைகொள்கின்றன, எவ்வாறு பகைக்குத் தப்புகின்றன என்பன விலங்கியல் வினாக்களே. ஆயின், அவற்றுக்கு அறிஞர் காலந்தோறும் கண்ட விடைகள் வரலாற்று மாணவரின் கவனத்துக்கும் உரியன. ஆய்வுக் கருவி உண்மையைக் காட்டுவதோடு, அதனை ஓரளவு மறைக்கவும் செய்யும் என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்றாகும்.

1840களில் ஜேர்மானிய அறிஞர் யொகான்னஸ் முல்லர், ஹெல்கோலாந்துத் தீவருகே நுண்வலையை இழுத்துக் கடலுயிர்களைச் சேகரித்தார். 1887இல் கீல் பல்கலைக்கழகப் பேராசிரியர் விக்டர் ஹென்சன் 'பிளாந்தன்' என்னும் பெயரை வழங்கினார். ஆலைகளில் மாவரிக்கப் பயன்பட்ட பட்டுத்துணியே அவரது வலையாயிற்று. 1889இல் அத்திலாந்திக் சமுத்திரத்திற் பயணஞ்செய்து, அவ்வலையில் அகப்பட்டவற்றை எண்ணிக் கடலின் வளத்தை அளவிட முயன்றார். பிளாந்தன் எங்கும் சீராகப் பரந்திருப்பதில்லையெனக் கூறி, 1890இல் ஏர்ணஸ்ட் ஹெக்கல் அம்முறையைக் கடுமையாகக் கண்டித்தார்.

எனினும், வலையின் குறையைத் தெளிவாகக் காட்டியது ஒரு சிறு கடலுயிரேயாகும். அப்பெண்டிகுலேரியா எனப்படும் அவ்வுயிர், தான் சுரந்த கூழ்போன்ற கூட்டிலுள்ள நுண்ணிய வடிகளால் உணவை வடித்தெடுக்கும். பட்டுவலையினூடாக நழுவிய உயிர்கள் அவ்வடிகளிற் சிக்கியிருப்பதை ஹான்ஸ் லோமன் கண்டார். பின்னர் நீரை விரைவாகச் சுழற்றி உயிர்களை அடையச்செய்யும் முறையைக் கையாண்டு, 1911இல் அவற்றை நானோபிளாந்தன் எனப் பெயரிட்டு விவரித்தார். மனிதனின் வலையினும் விலங்கின் வலை நுண்ணியதாயிருந்தது.

இரைகொள்ளும் முறைபற்றிய கருத்திலும் வலையின் செல்வாக்கு இருந்ததெனக் கருத இடமுண்டு. இறாலுக்கு உறவான கொப்பிபோடுகள் பல, சில மில்லிமீற்றர் நீளமேயுடையன. அவற்றின் வாயுறுப்பு மயிர்கள் நீரை வடிக்கும் அரிதட்டாகத் தொழிற்படுகின்றன என 1928இல் கிரகாம் கனன் விளக்கினார். 1981இல் கோல், ஸ்ட்ரிக்லர் ஆகியோர் அதிவேகப் படப்பிடிப்பின் துணையுடன் வேறொரு காட்சியைக் கண்டனர். இத்துணைச் சிறிய உடலுக்கு நீர் தேன்போற் பிசுக்குடையது; நெருங்கிய மயிர்களினூடாக அது எளிதிற் பாயாது. எனவே அவ்வுறுப்புகள் அரிதட்டாகவன்றித் துடுப்புகளாகவே இயங்குகின்றன. இரை அணுகியதும் அவை விரிந்து மூடி, இரையை நீரோடு சேர்த்துப் பற்றுகின்றன.

தப்பும் ஆற்றலும் வியப்புக்குரியது. உணர்கொம்பு மயிர்கள் நீரின் சிற்றசைவையும் உணர, சில மில்லிசெக்கனிலேயே கொப்பிபோடு துள்ளி விலகும். சில இனங்களின் நரம்பிழைகளைச் சுற்றி, எமது நரம்புகளில் உள்ளது போன்ற உறை இருப்பது 1999இல் அறிவிக்கப்பட்டது. செய்தி விரைந்து செல்ல அது துணைசெய்யும். இழுக்கப்படும் வலையும் நீரை அசைப்பதாற் சில உயிர்கள் முன்னரே விலகிவிடுகின்றன. எண்ணப்பட்டவை அகப்பட்டவை மட்டுமேயன்றி, இருந்தவை அனைத்துமல்ல.

கல்வெட்டையும் ஏட்டையும் கொண்டு பழமையை ஆராயும் எமக்கும் இது பொருந்தும். அகப்பட்ட சான்றை ஆராயுமுன், அதனை அகப்படுத்திய வலையின் கண் எத்தகையது என வினாவுதல் வேண்டும்.