ஓர் இதழும் மூன்று பெயர்களும்

கடாரத்தின் பழமையை ஆராயப் புகும் தமிழாசிரியர், மெர்கோங்கில் இருப்பினும் சென்னையில் இருப்பினும், அரச ஆசியக் கழகத்தின் மலாயா நாட்டு இதழை நாடவே வேண்டும். அவ்விதழோ ஒரே பெயரில் நின்றதன்று. 1878இல் நீரிணைக் கிளையின் இதழாகத் தோன்றிற்று. 1923இல் மலாயாக் கிளையின் இதழாயிற்று. 1964இல் மலேசியக் கிளையின் இதழ் எனப் பெயர் பூண்டது.

பின்னிரண்டு பெயர்களுக்கும் ஆங்கிலச் சுருக்கம் ஒன்றே: ஜே.எம்.பி.ஆர்.ஏ.எஸ். இடர்ப்பாடு இங்கேதான் பிறக்கின்றது. கெடாவில் தாம் அகழ்ந்து கண்டவற்றைக் குவாரிட்ச் வேல்ஸ் 1940இல் இவ்விதழின் 18ஆம் தொகுதியில் வெளியிட்டார். அச்சுருக்கத்தை ‘மலேசியக் கிளை’ என விரித்தெழுதின், 1963இல் அமைந்த நாட்டின் பெயர், அதற்கு 23 ஆண்டு முற்பட்ட கட்டுரைமேல் ஏறிவிடும். மேற்கோள்களைத் தொகுக்கும் சோடெரோ, எண்ட்நோட் முதலிய கணினி மென்பொருள்களும் இப்பிழையைத் தாமே களையமாட்டா. இட்டதை இட்டவாறே காட்டும்.

ஆகவே, கட்டுரை வெளிவந்தபோது இதழ் தாங்கியிருந்த பெயரையே முழுமையாகப் பதிந்து, சுருக்கத்தைத் தனியே குறித்தல் வேண்டும். இராசேந்திரன் கல்வெட்டில் கடாரம் என்றிருப்பதை எவரும் கெடா என மாற்றிப் படியெடுப்பதில்லை. கல்லெழுத்துக்குக் காட்டும் அந்நேர்மை அச்செழுத்துக்கும் உரியதன்றோ?