பார்வோனின் செங்கலும் கூர்னாவின் கூரையும்

வைக்கோல் தராமலே செங்கல் அறுக்கும்படி பார்வோன் கட்டளையிட்டதையும், இஸ்ரயேல் மக்கள் எகிப்து நாடெங்கும் தாளடி பொறுக்கத் திரிந்ததையும் விடுதலைப் பயண நூலின் 5ஆம் அதிகாரத்தில் பலமுறை வாசித்திருக்கிறோம். அடிமைத்தனத்தின் கொடுமையை விளக்க மறையுரைகளில் அப்பகுதியை எடுத்தாள்வதும் உண்டு. ஆனால் செங்கலுக்கு வைக்கோல் எதற்கு என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. எகிப்தியர் அறுத்தது சூளையில் வேகும் செங்கல் அன்று. வெயிலில் உலர்த்தும் பச்சைச் செங்கல். நைல் நதியின் வண்டல் உலரும்போது சுருங்கி வெடிக்கும். வைக்கோல் அதைப் பிணைத்து நிறுத்தும். கோயில்களையும் கல்லறைகளையும் கல்லால் எழுப்பிய எகிப்தியர், அரசனின் மாளிகையிலிருந்து உழவனின் குடிசை வரை உயிருள்ளோர் வாழும் இடங்களை இந்த மண்ணால்தான் கட்டினர்.

அதற்குத் தக்க காரணமும் இருந்தது. பருத்த மண்சுவர் பகல் முழுதும் வெயிலை வாங்கிக்கொண்டாலும் அதை எளிதில் உள்ளே விடாது. வெப்பம் சுவரைக் கடந்து அறையை எட்டுவதற்குள் இரவு வந்துவிடும். பாலைநிலத்து இரவோ குளிர்ந்தது. பகலில் ஏறிய சூட்டை அது சுவரிலிருந்து இறக்கிவிட, மறுநாள் சுவர் மீண்டும் தன் வேலையைத் தொடங்கும். விசையும் எரிபொருளும் வேண்டாத ஏற்பாடு இது.

சுவருக்கு மண் போதும். கூரைக்கு என்ன செய்வது? எகிப்து மரவளம் அற்ற நாடு. நல்ல மரம் பண்டைக் காலத்திலேயே லெபனோனிலிருந்து கடல்வழி வந்தது. ஏழைகள் பேரீச்ச மரத்தண்டுகளைக் குறுக்கே கிடத்தி, மேலே நாணலும் மண்ணும் பரப்பிச் சமாளித்தனர். இரண்டாம் உலகப் போர் மூண்டு, வெளிநாட்டு மரமும் இரும்பும் வருவது அருகிய வேளையில் இக்கேள்வியை ஒருவர் கையில் எடுத்தார். அவர் பெயர் ஹசன் பாத்தி. 1900இல் அலெக்சாந்திரியாவில் பிறந்த கட்டடக் கலைஞர். கெய்ரோவில் நுண்கலைப் பேராசிரியர்.

மண்ணாலேயே வளைகூரை எழுப்பலாம் என்று அவர் எண்ணினார். ஆனால் நம் ஊர்க் கொத்தனார்கள் ‘சென்டரிங்’ என்று சொல்லும் மரத்தாங்கல் இல்லாமல் வளைவை எப்படிக் கட்டுவது? முயன்று பார்த்த கூரைகள் சரிந்து விழுந்தன. அப்போது அஸ்வான் அணையில் பணியாற்றிய அவருடைய அண்ணன், தெற்கே நூபியர்கள் தாங்கல் ஏதுமின்றி வளைகூரை கட்டுகிறார்கள் என்று சொன்னார். 1941இல் பாத்தி அஸ்வான் சென்றார். நகரில் அப்படி எதுவும் காணோம். நைலைக் கடந்து மேற்குக் கரையிலுள்ள கார்ப் அஸ்வான் சிற்றூருக்குப் போனபோதுதான் தேடியது கிடைத்தது. வெள்ளையடித்த மண்வீடுகள் வரிசை வரிசையாக, வளைகூரை தாங்கி நின்றன.

அருகிலேயே மணல்மேட்டில் புனித சீமோன் பெயரால் வழங்கும் பழைய கோப்துத் துறவு மடம் பாழடைந்து கிடக்கிறது. ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய அம்மடத்தின் பச்சைச் செங்கல் வளைவுகளையும் பாத்தி கண்டு வியந்தார். எகிப்தியப் பாலைவனத் துறவியரின் தவத்தைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் குருமடத்தில் நாம் நிறையப் படித்தோம். அவர்கள் எந்தக் கூரையின் கீழ் உறங்கினார்கள் என்பதைத் திருச்சபை வரலாற்று நூல்கள் சொல்வதில்லை. கொத்தனாரின் வேலை வரலாற்றில் இடம்பெறுவது அரிது போலும். லுக்சோரில் இரண்டாம் இராம்சேஸ் மன்னனின் கோயிலை ஒட்டிய களஞ்சியங்களிலும் இதே வளைவு உண்டு. 3,200 ஆண்டுகளுக்குப் பின்னும் அவற்றிற் சில நிற்கின்றன.

நூபியக் கொத்தனாரின் முறை எளிமையானது. அறையின் பின்சுவரைச் சற்று உயர்த்தி, அதன்மேல் சேற்றால் ஒரு வளைவை வரைந்து வாய்ச்சியால் செதுக்கிக்கொள்வார். கணித நூலார் பரவளையம் என்று கூறும் வடிவம் அது. அவருக்கோ அளவுகோலும் வேண்டாம், கயிறும் வேண்டாம். அந்தச் சுவரின்மேல் செங்கல் வரிசைகளைச் சாய்வாக ஒட்டிக்கொண்டே வருவார். ஒவ்வொரு வரிசையும் முந்தியதன்மேல் சாய்ந்திருப்பதால் தாங்கல் இன்றி நிற்கும். இதற்கென அறுக்கும் கல் மெலிதானது. எடை குறைய வைக்கோல் மிகுதியாகச் சேர்த்தது. ஈரக் கல்லின் முகத்தில் விரலால் இரண்டு கோடு இழுத்துவிடுவார்கள்; சேறு அதைப் பற்றிக்கொள்ளும். உயர்ந்த வளைகூரையில் சூடான காற்று மேலே தங்க, மனிதர் இருக்கும் மட்டம் குளிர்ந்திருக்கும்.

இவர்களைத் துணைக்கொண்டு பாத்தி செய்த பெரும்பணியே புதிய கூர்னா. லுக்சோருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரைக் குன்றில், பண்டைய பிரபுக்களின் கல்லறைகள்மீது வீடு கட்டிக் கூர்னா மக்கள் வாழ்ந்துவந்தார்கள். ஏறத்தாழ 7,000 பேர். வயல் வேலையோடு சுற்றுலாப் பயணிகளிடமும் பிழைத்தனர். கல்லறைப் பொருள்களைத் தோண்டி விற்றவர்களும் உண்டு. கல்லறை ஒன்றின் பாறைச் செதுக்கோவியம் முழுதாகவே பெயர்த்துச் செல்லப்பட்டபின், ஊரையே கீழே சமவெளிக்கு மாற்றிவிடுவதென்று தொல்பொருள் துறை முடிவு செய்தது. 1945இல் 50 ஏக்கர் நிலத்தில் புதிய ஊரை அமைக்கும் பொறுப்பு பாத்தியிடம் வந்தது.

அவர் உழைத்த விதத்தைப் படிக்கையில் நமக்கு மரியாதை பிறக்கிறது. ஒரே அச்சில் வார்த்த வீடுகளை அவர் விரும்பவில்லை. உறவுக் கூட்டங்கள் சேர்ந்தே வாழ்வதைக் கண்டு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பொது முற்றத்தைச் சுற்றி வீடுகளை அமைத்தார். அடுப்பு எங்கே, மாடு எங்கே, தண்ணீர் கொணரும் பெண்ணின் வழி எது என்றெல்லாம் எண்ணிப் பார்த்தார். வீட்டினுள் முற்றம், இரவுக் குளிர்காற்று அதில் இறங்கித் தேங்கி, முற்பகல் வரை அறைகளுக்குப் பரவும். பள்ளிக்கூடத்தில், வட திசைக் காற்றை நோக்கித் திறந்த வாயுடைய காற்றுக் கோபுரம் ஒன்றை எழுப்பினார். உள்ளே ஈரப்படுத்திய கரியை அடுக்கிய தட்டங்களின் மேல் காற்று பாய்ந்து வகுப்பறையில் இறங்கும். வெப்பம் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் தணிந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

ஆயினும் ஊர் நிறைவடையவில்லை. பள்ளிவாசல், சந்தை, அரங்கு, பள்ளி ஆகியவற்றோடு திட்டமிட்ட வீடுகளில் ஒரு சிறு பகுதி எழுந்தது. 1948இல் பணி நின்றது. பாத்தியின் நூலில் அதிகாரிகளின் தாமதங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. வெள்ளப் பருவம் ஒன்றில் புதிய ஊரைக் காத்த கரையைக் கூர்னாவாசிகளே வெட்டிவிட்டதையும் அவர் மறைக்கவில்லை. மேல் எகிப்தில் குவிமாடம் என்றால் கல்லறைக்கும் அடியார்களின் சமாதிக்கும் உரியது. அதன் கீழ் குடியிருக்க மக்கள் தயங்கினர் என்று பின்னாளில் பலர் குறை கூறினர்.

நமக்குத் தோன்றுவது வேறு. அடுப்பு எங்கே வேண்டும் என்று கேட்கத் துணிந்தவரால், குன்றைவிட்டு இறங்க உங்களுக்குச் சம்மதமா என்ற முதற் கேள்வியைக் கேட்க முடியவில்லை. அரசு அக்கேள்வியை முன்பே மூடிவிட்டிருந்தது. குன்று அம்மக்களுக்குச் சோறு. எவ்வளவு குளிர்ச்சியான அறையும் அதற்கு ஈடாகவில்லை. நூபியரின் கதையோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 1933இல் பழைய அஸ்வான் அணையை உயர்த்தியபோது மூழ்கிய ஊர்களை விட்டு மேலேறிய அவர்கள், கட்டடக் கலைஞர் எவரும் இன்றித் தங்கள் வீடுகளைத் தாங்களே மீண்டும் கட்டிக்கொண்டார்கள். 1963-64இல் அஸ்வான் பேரணைக்காக அரசு அவர்களைக் கோம் ஓம்போ பகுதிக்குப் பெயர்த்தபோது கிடைத்தவை நெருக்கமான வரிசை வீடுகள். பழைய ஊரின் அகன்ற முற்றங்கள் அவற்றில் இல்லை. கூரைக் கலையைக் கற்பித்த மக்களுக்கே அந்தக் கலையில் இடம் தரப்படவில்லை.

அதே 1964இல் கெய்ரோவில் ஒரு சோதனை நடந்தது. 50 சென்டிமீட்டர் பருமனுள்ள மண்சுவரும் வளைகூரையும் கொண்ட அறை ஒன்று. 10 சென்டிமீட்டர் கான்கிரீட் பலகைகளால் ஆன அறை மற்றொன்று. ஒரு மார்ச் மாத நாளில் மண் அறையின் வெப்பம் 21 முதல் 23 பாகைக்குள் நின்றது. கான்கிரீட் அறை 36 பாகையை எட்டியது. அது வெளிக்காற்றைவிட 9 பாகை அதிகம். ஆயினும் எகிப்தின் கிராமங்கள் கான்கிரீட்டையே நாடின. அதை அறியாமை என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. மகனுக்கு மணமானால் மேலே ஒரு தளம் வேண்டும்; குவிமாடத்தின்மேல் அதை எழுப்ப இயலாது. தவிர, மண்வீடு வறுமையின் அடையாளம் என்று ஊரே நினைக்கும்போது, தன் வறுமையைச் சுவராக நிறுத்தி வைக்க எவர் விரும்புவார்?

பாத்தியின் நூல் 1969இல் கெய்ரோவிலும், 1973இல் ‘ஏழைகளுக்கான கட்டடக் கலை’ என்ற பொருள்படும் தலைப்புடன் அமெரிக்காவிலும் வெளிவந்தபின் உலகம் அவரைத் தேடி வந்தது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துக்கு நூபியக் கொத்தனார்களையே அழைத்துச் சென்று அவர் வளைகூரை கட்டுவித்தார். புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் இயங்கும் மண் கட்டடக் கழகமும் இந்த நூபிய முறையை இன்று கற்பித்துவருகிறது. 1989இல் அவர் மறைந்தார்.

பேரணைக்குப் பின் நிலத்தடி நீர் உயர்ந்து, உப்பு ஏறி, புதிய கூர்னாவின் மண்சுவர்கள் அடியிலிருந்து உதிரத் தொடங்கின. குடியேறியவர்களின் வாரிசுகள் பலர் வளைகூரையை இடித்துவிட்டுத் தூண் நிறுத்தி மாடி எழுப்பினர். 2009இல் யுனெஸ்கோ எஞ்சியதைக் காக்கும் பணியைத் தொடங்கியது. சில பொதுக் கட்டடங்கள் பழுதுபார்க்கப்பட்டன. குன்றின் மேலிருந்த பழைய கூர்னாவை 2006இன் இறுதியிலிருந்து புல்டோசர்கள் இடித்தன. அங்கிருந்தவர்கள் வடக்கே வெகு தொலைவில் அரசு கட்டிய வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் பாத்தியால் கேட்க முடியாமற்போன கேள்வியை இம்முறையும் எவரும் அவர்களிடம் கேட்கவில்லை.