தங்கவயலின் மேல்தரை: மாறிய மண்ணும் புல்வெளியின் இயல்புப் பன்மையும்

கோலார் தங்கவயலைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் நிலத்துக்கு அடியிலேயே நின்றுவிடுகின்றன. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கமும், வட ஆர்க்காட்டிலிருந்து போனவர்கள் அங்கே சிந்திய உழைப்பும் எழுதப்பட வேண்டியவையே. ஆனால் அதே காலத்தில் மேல்தரையில் இன்னொரு வரலாறும் நடந்தது. அதை இனங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளந்தால் பாதிதான் தெரியும். செடியின் உயரம், இலையின் தடிமன், வேரின் அமைப்பு, விதையின் எடை போன்ற இயல்புகள் ஒரு நிலத்தில் எவ்வளவு விரிந்து கிடக்கின்றன என்பதே மாற்றத்தைத் தாங்கும் அதன் திறனைச் சொல்லும். தங்கவயலில் ஒவ்வொரு காலமும் இந்த இயல்புகளைத் தன் போக்கில் சலித்தது. மிகக் கடுமையாகச் சலித்தது சுரங்கக் கழிவு.

சுரங்கத்துக்கு முந்தைய நிலத்தைப் பற்றிய சான்று நடுகற்களில் இருக்கிறது. கோலார் வட்டாரத்து நடுகற்களில் ஆநிரை மீட்டுப் பட்ட வீரர்களுக்கு எழுப்பியவை உண்டு. மந்தைகள் பூசலுக்குக் காரணமாகும் அளவுக்கு இங்கே மேய்ச்சல் நிலம் இருந்தது. மேய்ச்சலைத் தாங்க ஒரு செடி அருகம்புல்லைப் போல வளர்முனையைத் தரையோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும், அல்லது ஊசிப்புல்லைப் போல விதையை ஆட்டு ரோமத்தில் ஏற்றி அனுப்பிவிட வேண்டும். வழிகள் வேறானதால் இயல்புகளும் பலவாயின. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் கால்வைத்த பின் நீராவிக் கொதிகலன்கள் விறகைத் தின்றன. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகே அந்தப் பசி குறைந்தது. மரநிழல் போன இடங்களில் வெயிலை விரும்பும் புற்கள் பரவியிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. ஆகவே மாற்றம் எல்லாம் இழப்பே என்று சொல்லிவிட முடியாது.

சயனைடு முறை வந்த பின் நடந்ததோ வேறு வகை. பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தைக் கரைத்தெடுத்த பின் எஞ்சியது மலைமலையாகக் குவிந்தது. இன்று மதிப்பிடப்படும் அளவு ஏறத்தாழ 3.3 கோடி டன். மக்கள் அதைச் சயனைடு மலை என்கிறார்கள். ஆனால் சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதையக்கூடியது. செடியை நீண்ட காலம் தடுப்பவை வேறு: கரிமப் பொருளும் தழைச்சத்தும் இல்லாமை, நீர் தங்காத நுண்துகள், கந்தகக் கனிமங்களின் அமிலம், ஆர்செனிக். தாவரச் சூழலியலாளர் இயன் ரைட்டின் குழு 175 இடங்களின் 2,548 இனங்களை ஒப்பிட்டு 2004-இல் காட்டியபடி, சத்தை விரைவாகச் செலவிட்டு மெல்லிய இலை விடும் செடிகள் ஒரு முனையிலும், தடித்த இலையை நெடுநாள் காக்கும் செடிகள் மறுமுனையிலும் நிற்கின்றன. கழிவுமண் முதல் முனையை அநேகமாக மூடிவிடுகிறது. அங்கே பத்து இனங்கள் முளைத்தாலும் அவை ஒரே பிழைப்பு முறையின் பத்து வடிவங்களாகவே இருக்கக்கூடும்.

கழிவு இயல்புகளைச் சுருக்குகிறது என்பதற்கு மறுப்பாக, பிரிட்டனில் தாவர ஆய்வாளர் ஆன்டனி பிராட்ஷாவும் அவர் வழிவந்தவர்களும் செய்த ஆய்வுகளைக் காட்டலாம். வேல்ஸ் சுரங்கக் கழிவில் வளர்ந்த அக்ராஸ்டிஸ் புல், சில மீட்டர் தள்ளி நல்ல மண்ணில் வளர்ந்த தன் இனத்தைவிட உலோகத்தை அதிகம் தாங்கியது. அப்படியானால் கழிவே புதிய பன்மையை உண்டாக்குகிறதே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அந்தத் தாங்கும் திறன் பக்கத்துப் புல்வெளியில் அரிதாகவேனும் இருந்தது. கழிவு அதைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது. தேர்ந்தெடுக்க ஒன்று இருக்க வேண்டுமானால் சுற்றிலும் பழைய புல்வெளி உயிரோடிருக்க வேண்டும். இனங்களை மட்டும் எண்ணும் கணக்கில் இந்த உண்மை சிக்காது, ஏனெனில் இரண்டு புல்லும் ஒரே இனம்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. இந்தியப் புல்வெளிகளை வகைப்படுத்தி 1973-இல் நூல் வெளியிட்ட தபட்காவும் சங்கரநாராயணனும் அவற்றைப் பெரும்பாலும் காடு அழிந்து உண்டான இடைநிலையாகவே கண்டார்கள். அப்படியானால் மரம் நடுவதுதானே மீட்பு? ஆனால் தெற்காசியாவில் வெப்பமண்டலப் புற்கள் பரவியது 70, 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளின் பழைய மண்ணில் உள்ள கார்பன் சான்று காட்டுகிறது. மனிதக் கோடாரிக்கு மிக முந்திய தாவரக் கூட்டத்தை அழிந்த காட்டின் மிச்சம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது பொருந்தாது. கழிவுக் குன்றுகளிலிருந்து தூசி பறப்பதால் ஊராருக்கு வரும் தொல்லை பொறுக்கக் கூடியதல்ல, உடனே தடுக்க வேண்டியது. அதற்கும் சீமைக் கருவேலம் போன்ற மரங்களைவிட, மேல்மண்ணை வலையாகப் பிடிக்கும் நார்வேர்ப் புற்களே ஏற்றவை. சீமைக் கருவேலம் தன் கீழே புல்லை வளரவிடுவது அரிது.

தங்கவயல் சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-இல் மூடப்பட்டது. 13 கழிவுக் குன்றுகளை, 1,003 ஏக்கர் பரப்பில், மீண்டும் தோண்ட 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. தோண்டுமுன் குன்றுகளின் சரிவிலும் அடிவாரத்திலும் பிடித்திருக்கும் புற்களின் விதையையும் வேர்த்துண்டுகளையும் சேகரிக்க வேண்டும். அவற்றையும் தள்ளியுள்ள மேய்ச்சல் நிலத்தின் அதே இனங்களையும் கழிவுமண்ணிலும் செம்மண்ணிலும் மாற்றி மாற்றி வளர்த்து, எது எதைத் தாங்குகிறது என்று அளக்க வேண்டும். தோண்டி முடித்த தரையில் எதை விதைப்பது என்பதை நாற்றங்கால் கையிருப்பு தீர்மானிக்கக் கூடாது, இந்த அளவீடுதான் தீர்மானிக்க வேண்டும்.