நாக்குக் கல்

வீட்டிலிருந்தே படிக்கும் என் பேத்தி, ஆதிகாலச் சுறாக்கள் பற்றி ஒரு புராஜெக்ட் செய்தாள். துணைக்கு நானும் படித்தேன்.

சுறாவின் எலும்புக்கூடு வெறும் குருத்தெலும்பு; மக்கிவிடும். பல்தான் கல்லாகி மிஞ்சும். அந்தக் கல் வானத்திலிருந்து விழுகிறது என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதிவைத்தார். ஐரோப்பியர் அதற்கு 'நாக்குக் கல்' என்று பெயரிட்டு, விஷத்தை முறிக்கும் என்று நம்பினார்கள்.

"யாருமே சுறா வாயைப் பார்க்கலையா தாத்தா?" என்றாள். மீனவர்கள் பார்த்திருப்பார்கள், ஏடு எழுதியவர்கள் அவர்களைக் கேட்கவில்லை போலும்.

1666இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பெரிய சுறா ஒன்று பிடிபட்டது. அதன் தலையை அறுத்துப் பார்த்த டென்மார்க்குக்காரர் ஸ்டெனோ, கல்லும் பல்லும் ஒன்றே என்று 1667இல் அச்சிட்டார். அப்படியானால், மலையில் அந்தப் பல் கிடக்கும் இடமெல்லாம் ஒருகாலத்தில் கடல்!

நம் பெரம்பலூர்ப் பக்கத்துக் காரையிலும் சுறாப்பல் கிடைத்திருக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த வறண்ட பூமியும் கடல்தான்.