கொலோசஸைக் கட்டிய அஞ்சல் துறைப் பொறியாளர்

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியரின் சங்கேதச் செய்திகளை ஆங்கிலேயர் உடைத்தறிந்த வரலாறு இன்று பலரும் அறிந்ததே. அதைப் பேசத் தொடங்கியதும் நம் நினைவில் எழும் பெயர்கள் இரண்டு. ஒன்று எனிக்மா என்னும் பொறி. மற்றொன்று ஆலன் டூரிங் என்னும் கணித மேதை. அக்காலத்தில் எழுந்த 'கொலோசஸ்' என்னும் மின்னணுக் கணிப்பொறியையும் இவ்விரண்டோடு சேர்த்தே பலர் பேசுகின்றனர். ஆனால் கொலோசஸ் எனிக்மாவுக்காகக் கட்டப்பட்டதன்று. அதைக் கட்டியவர் டூரிங்கும் அல்லர். பிரித்தானிய அஞ்சல் துறையின் தொலைபேசிப் பிரிவில் பணியாற்றிய ஒரு பொறியாளரே அதைக் கட்டினார். தாமஸ் ஹரால்டு பிளவர்ஸ் என்பது அவர் பெயர். உடன் உழைத்தவர்களுக்கு டாமி.

அஞ்சல் துறைக்கும் கணிப்பொறிக்கும் என்ன உறவு என வாசகர் வியக்கலாம். நம் நாட்டில் 1985 வரை தபால் தந்தித் துறையே தொலைபேசியையும் நடத்தி வந்தது போல, பிரித்தானியாவிலும் அக்காலத்தில் தொலைபேசி அஞ்சல் துறையின் கையில்தான் இருந்தது. இலண்டனின் டாலிஸ் ஹில் என்னுமிடத்தில் அத்துறையின் ஆய்வு நிலையம் இருந்தது. பிளவர்ஸ் 1930இல் அங்கு வந்து சேர்ந்தார்.

அவர் 1905 டிசம்பர் 22 அன்று கிழக்கு இலண்டனில், ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பாப்ளர் பகுதியில், ஒரு கொத்தனாரின் மகனாகப் பிறந்தவர். வூலிச் படைக்கலத் தொழிற்சாலையில் தொழில் பழகிக்கொண்டே மாலை வகுப்புகளில் பயின்று மின்பொறியியல் பட்டம் பெற்றார். இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னர் அவரை எதிர்த்தவர்களிடம் இல்லாத ஓர் அறிவு அவரிடம் இருந்தது. அது கைப்பழக்கத்தால் வந்த அறிவு.

அது வால்வுகளைப் பற்றியது. பழைய வால்வு ரேடியோக்களைக் கண்டவர்கள், அக்கண்ணாடிக் குழல்கள் அடிக்கடி பழுதாவதையும் அறிவார்கள். ஆகவே ஆயிரக்கணக்கான வால்வுகளை ஒரே பொறியில் கோத்தால், ஏதேனும் ஒன்று எப்போதும் கெட்டுக்கொண்டேயிருக்கும் என்று கற்றவர் பலரும் கருதினர். பிளவர்சோ 1930களிலேயே தொலைபேசி நிலையங்களுக்கான கருவிகளில் வால்வுகளை ஆயிரக்கணக்கில் பயன்படுத்தியிருந்தார். வால்வு பெரும்பாலும் எரியும்போது கெடுவதில்லை. அணைத்து மீண்டும் ஏற்றும்போதே கெடுகிறது. குளிர்ந்த இழை திடீரெனச் சூடேறுவதே அதற்குக் காரணம். நம் வீட்டுப் பழைய குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்சைப் போடும் கணத்தில்தானே உயிரைவிட்டது! அணைக்காமல் விட்டுவைத்தால் வால்வுகள் நெடுங்காலம் உழைக்கும் என்பதை அவர் கண்ணால் கண்டிருந்தார்.

1941 பிப்ரவரியில் அவருக்குச் சங்கேதப் பணிமனையான பிளெட்ச்லி பார்க்கிலிருந்து முதல் அழைப்பு வந்தது. டூரிங்கிற்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அத்திட்டம் கைவிடப்பட்டாலும் பிளவர்சின் திறம் டூரிங்கின் மனத்தில் நின்றது. ஈராண்டு கழித்து, கணித அறிஞர் மாக்ஸ் நியூமனுக்கு அவரை அறிமுகம் செய்துவைத்தவர் டூரிங்கே.

நியூமனின் சிக்கல் எனிக்மாவினும் கடினமானது. ஹிட்லரின் தலைமையகமும் படைத் தளபதிகளும் தம்முள் பேசிக்கொள்ள, டெலிபிரிண்டருடன் இணைந்த லோரென்ஸ் என்னும் பொறியைப் பயன்படுத்தினர். பன்னிரண்டு சக்கரங்கள் கொண்ட அப்பொறியை ஆங்கிலேயர் எவரும் கண்டதில்லை. 1941 ஆகஸ்டு 30 அன்று, ஏறத்தாழ நாலாயிரம் எழுத்துகள் கொண்ட ஒரே செய்தியை, சக்கரங்களின் அமைப்பை மாற்றாமல், சிறு சிறு மாற்றங்களுடன் இருமுறை அனுப்பிவிட்டார் ஓர் ஊழியர். அந்த ஒரு சோம்பலே வாயிலைத் திறந்தது. ஜான் டில்ட்மன் அச்செய்திகளைப் பிரித்தெடுத்தார். பில் டட் என்னும் இருபத்துநான்கு வயது இளைஞர் அதிலிருந்து பொறியின் உள்ளமைப்பு முழுவதையும் அறிவால் மட்டுமே ஊகித்தறிந்தார்.

வழி தெரிந்தது, ஆனால் கையால் கணக்கிட்டால் செய்தி பயனற்றுப் போகும்வரை விடை வராது. ஆகவே நியூமன் ஒரு பொறியை அமைக்கச் செய்தார். வேடிக்கைப் பொறிகளை வரைந்த ஓவியரின் பெயரால் அதை 'ஹீத் ராபின்சன்' என்றழைத்தனர். துளையிட்ட இரண்டு காகித நாடாக்கள் அதில் ஒன்றோடொன்று இம்மியும் பிசகாமல் ஓடவேண்டும். வேகம் கூடினால் நாடா நீளும், கிழியும், விடையும் மாறும்.

பிளவர்சின் யோசனை எளிது, துணிவு பெரிது. சக்கரங்களின் வடிவங்களைத் தாங்கும் இரண்டாம் நாடா வேண்டாம். அவ்வடிவங்களை வால்வுகளே பொறிக்குள் உண்டாக்கட்டும். செய்தி நாடா ஒன்று மட்டும் ஓடட்டும். அதன் நடுத்துளைகளே காலத்தை அளக்கட்டும். அப்போது எதனோடும் எதையும் பொருத்தி ஓட்டும் தொல்லையே இல்லை. இதற்கு ஏறத்தாழ 1600 வால்வுகள் தேவைப்பட்டன. பிளெட்ச்லி பார்க்கினர் நம்பவில்லை. இது முடிவதற்குள் போரே முடிந்துவிடும் என்று கருதி ராபின்சன் பொறிகளையே நாடினர். விரும்பினால் அவர் தம் பொறுப்பில் செய்துகொள்ளலாம் என்றும் விட்டுவிட்டனர். டாலிஸ் ஹில் இயக்குநர் கார்டன் ராட்லி மட்டும் துணை நின்றார்.

பிளவர்சும் சிட்னி பிராடுஹர்ஸ்ட், வில்லியம் சாண்ட்லர் முதலிய தோழர்களும் பதினோரு மாதம் இரவு பகலாக உழைத்தனர். 1944 சனவரியில் பொறி பிளெட்ச்லி பார்க்கைச் சேர்ந்தது. பிப்ரவரி 5 அன்று பணியைத் தொடங்கியது. நொடிக்கு ஐயாயிரம் எழுத்துகளைப் படித்தது. நாடா மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது எனலாம்! விடையும் ஒவ்வொரு முறையும் மாறாமல் ஒன்றாகவே வந்தது. நம்பாதவர்கள் இப்போது ஜூன் மாதத்துக்குள் மேலும் வேண்டுமெனக் கேட்டனர். 2400 வால்வுகளுடன், ஐந்து மடங்கு வேகமான அடுத்த பொறி ஜூன் 1 அன்று இயங்கியது. நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்க ஐந்தே நாள் இருந்தது. போர் முடிகையில் பத்துப் பொறிகள் இருந்தன. அவற்றை இயக்கியவர்களில் பெரும்பாலோர் கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். அவர்களுக்கும் தனிக் கட்டுரை ஒன்று கடன்பட்டுள்ளோம்.

அதன்பின் நடந்ததே நம் நெஞ்சை உறுத்துவது. பத்தில் எட்டுப் பொறிகள் பிரிக்கப்பட்டன. ஆவணங்களை அழிக்குமாறு ஆணை வந்தது. பிளவர்ஸ் வரைபடங்கள் அனைத்தையும் டாலிஸ் ஹில் கொதிகலனின் தீயிலிட்டு, அவை எரிவதைப் பார்த்து நின்றார். அரசு அவருக்கு ஆயிரம் பவுன் அளித்தது. அதையும் உடன் உழைத்தோருடன் பகிர்ந்துகொண்டார். 1946இல் அமெரிக்கர் எனியாக் பொறியை உலகுக்குக் காட்டியபோது, அதுவே முதல் மின்னணுக் கணிப்பொறி என ஏடுகள் எழுதின. மறுத்துரைக்கத் தக்கவர் தொலைபேசி ஆய்வுக்குத் திரும்பியிருந்தார். போர்க்காலத்தில் செய்தது இன்னதென்று வீட்டாருக்கும் சொல்லவில்லை.

இம்மௌனத்தைத் தாழ்ச்சி எனப் போற்றுவோர் உண்டு. அச்சொல்லை அவ்வளவு எளிதில் வழங்க நாம் தயங்குகிறோம். நாசரேத்தூர்ப் பட்டறையில் புனித சூசையப்பரின் மறைந்த வாழ்வு அவர் மனமுவந்து ஏற்றது. பிளவர்சின் மௌனமோ அரசு விதித்தது. அதை அவர் உண்மையுடன் காத்தார். ஆனால் அந்த ஆவணங்களை எரிக்கச் சொன்னது பெருந்தவறு என்று முதுமையில் வெளிப்படையாகவே சொன்னார். கீழ்ப்படிந்தவரின் இந்த மனக்குறையை மறைத்துவிட்டு, கீழ்ப்படிதலை மட்டும் பாராட்டுவது நீதியாகாது. உழைப்பவருக்குக் கூலி உரியது போல் பெயரும் உரியதே.

1970களில்தான் திரை மெல்ல விலகியது. 1975இல் கொலோசஸின் ஒளிப்படங்கள் வெளிவந்தன. 1977இல் நியூகாசில் பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்பு முனைவர் பட்டம் வழங்கியது. 1993இல், 87ஆம் வயதில், கல்லூரி ஒன்றில் கணிப்பொறி பற்றிய தொடக்க வகுப்பு பயின்று அவர் சான்றிதழ் பெற்றார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அதே ஆண்டில் டோனி சேல் என்பவர் கொலோசஸை மீண்டும் கட்டத் தொடங்கினார். கையிலிருந்தவை எட்டு ஒளிப்படங்களும் சில சுற்றமைப்புத் தாள்களுமே. அத்தாள்கள், ஆணையை மீறிச் சில பொறியாளர்கள் தம்மிடம் வைத்துக்கொண்டவை. 1996 ஜூன் 6 அன்று அப்பொறி பிளெட்ச்லி பார்க்கில் மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, தொண்ணூறு வயதான பிளவர்ஸ் அங்கிருந்து அதைக் கண்டார். ஈராண்டு கழித்து, 1998 அக்டோபர் 28 அன்று இலண்டனில் காலமானார்.