இருநூறு இரத்த மாதிரிகள்

பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் 2011-இல் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்று தோன்றியது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. முதலாண்டு மாணவரே சிற்றூர்க் குடும்பங்களைத் தத்தெடுத்து, அவர்தம் உடல்நலம் பற்றிய விவரங்களைத் திரட்டும் பயிற்சி இப்போது பாடத்திட்டத்திலேயே உள்ளது. ஆகவே, குறிப்பேட்டோடு நம் திண்ணைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆய்வு எவ்வாறு கற்பிக்கப்பட வேண்டும் என்பது நமக்கும் உரிய வினாவே. விடை தேட, நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய சென்னைக்குச் செல்வோம்.

1985-இன் இறுதி. எய்ட்ஸ் மேலைநாட்டார் நோய், நம்மை அணுகாது என்று பலரும் நம்பியிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்புப் பயின்ற நிர்மலாவிடம், பேராசிரியர் சுனிதி சாலமன் அந்நோயையே ஆய்வேட்டுப் பொருளாக எடுக்கச் சொன்னார். ஒன்றும் அகப்படாது என்றே மாணவி எண்ணினார். ஆயினும் இருநூறு மாதிரிகள் எடுக்க முனைந்தார். பாலியல் தொழிலில் ஈடுபட்டதாகப் பிடிக்கப்பட்டுக் காப்பில்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் இரத்தம் எடுத்தார். அதிலிருந்து பிரித்த நிணநீரை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். சென்னையில் சோதனை வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் கணவரோடு இரவு இரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை அடைந்தார். ஆறு மாதிரிகள் நிறம் மாறின. மீண்டும் இரத்தம் எடுத்துச் சோதித்தும் முடிவு மாறவில்லை. அமெரிக்கச் சோதனையும் அதை உறுதி செய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது இவ்வாறே, ஒரு மாணவியின் ஆய்வேட்டால்!

ஆசிரியரின் துணிவையும் மாணவியின் உழைப்பையும் எவ்வளவு போற்றினாலும் தகும். ஆயினும் இவ்வரலாற்றில் நம்மை உறுத்தும் பகுதி ஒன்றுண்டு. இரத்தம் எதற்கென்று அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் எண்ணினர். இதைப் பிற்காலத்தில் நிர்மலாவே ஒளிவின்றிக் கூறினார். ஆய்வுக்கு உட்படுவோரின் ஒப்புதல் இன்றியமையாதது என்று ஹெல்சிங்கி அறிக்கை 1964-இலேயே உரைத்திருந்தது. அடைபட்டிருப்பவர் மறுக்கத்தான் எப்படி முடியும்? பின்வந்த ஆண்டுகளில் கிருமி கண்டறியப்பட்ட பெண்கள் பலர், தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடப்படவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்த பின்னரே, 1990-இல், அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. அறிவியலுக்கு உதவிய இரத்தம், கொடுத்தவர்க்குச் சிறையாயிற்று.

எண்ணவும் அளக்கவும் மாணவர்க்குப் பயிற்சி தரும் ஏற்பாடுகள் நம் நாட்டில் பழையவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் இளநிலை மாணவர்க்கு இருமாத ஆய்வு உதவித்தொகை வழங்கி வந்துள்ளது. மனப்பாங்கு, அறநெறி, உரையாடல் ஆகியன முறையான பாடமாகச் சேர்ந்ததோ 2019-இல்தான். நாற்பதாண்டு இடைவெளி!

நம் ஊர்களில் பெரியவர்கள், வெள்ளுடை கண்டால் எதையும் கேளாமல் கையை நீட்டிவிடுவர். “எதுக்குக் கேக்குறீங்க தம்பி? எங்க பேரு வெளியே வருமா?” என்று கேட்பது அவமதிப்பாகாது. விடை சொல்லாமல் அடுத்த வினாவுக்குத் தாவினால், இன்னொரு முறையும் கேட்கலாம்.