பஞ்சில் போன பணம், பஸ்ஸில் வந்த பேர்

திருப்பூருக்குப் பனியன் வருவதற்கு முன்பே பருத்தி வந்துவிட்டது. 1925 வாக்கில் பின்னலாடைத் தொழில் இங்கே கால் ஊன்றுவதற்கு முன், ஊரின் பிழைப்பு கின்னிங் ஆலைகளிலும் பஞ்சு மண்டியிலும் இருந்தது. பொதி ஏற்றிய மாட்டு வண்டிகள் ரயில் நிலையத்தைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்த அந்தத் திருப்பூரில் பஞ்சு வியாபாரம் செய்து பார்த்தவர்களில் ஒருவர் ஜி.டி.நாயுடு. கோவைக்காரர்கள் அவரைத் தங்கள் சொத்தாகவே வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பங்கு நமக்கும் உண்டு என்பதை இந்த மலரில் பதிவு செய்யாவிட்டால் வேறு எங்கே செய்வது?

சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமம். 1893 மார்ச் 23-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு முடிந்தது. அவர் பிறந்த அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துத் தெருவில் டுரியா சகோதரர்கள் குதிரை இல்லாத வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை வாங்கியாயிற்று. கலங்கலுக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை.

தெரிய வைத்தது ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிள். வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் அதில் ஊர்ப்பக்கம் வந்திருக்கிறார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடுகிற வண்டியைப் பார்த்த பையனுக்கு அதன் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, அதே அதிகாரியிடம் போய் 300 ரூபாய்க்கு அந்த வண்டியை வாங்கினார். அந்தக் காலத்து 300 ரூபாய்! வாங்கியவர் செய்த முதல் வேலை, வண்டியைத் தனித்தனியாகக் கழற்றிப் போட்டு மறுபடி மாட்டியது. புதிதாக இறங்கிய ஓவர்லாக் மிஷினைக் கம்பெனி மெக்கானிக் வருவதற்குள் பிரித்துப் பார்த்துவிடுகிற ஆட்கள் நம் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கை ராசி இந்த மண்ணுடையது என்றே எனக்குத் தோன்றும்.

முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்திக்கு நல்ல கிராக்கி. திருப்பூரில் கின்னிங் ஆலை நடத்திக் கையில் பணம் பார்த்த நாயுடு, அதோடு நிற்காமல் பம்பாய்க்குப் போய்ப் பெரிய பருத்திச் சந்தையில் இறங்கினார். இறங்கியதெல்லாம் போயிற்று. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சீசனில் ஏறி அடுத்த சீசனில் இறங்கிய கணக்கு நம்மில் பலர் வீட்டிலும் இருக்கிறது.

கோவையில் காபித் தொழிலும் ஆலைத் தொழிலும் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் கொடுத்த கடன் உதவியோடு, பஞ்சில் எல்லாம் இழந்த நாயுடுவின் கைக்கு ஒரு பஸ் வந்தது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார், டிரைவரும் அவரேதான். ஏன் அந்த வழித்தடம்? ரயில் 1915-ல் பொள்ளாச்சி வரை வந்து நின்றிருந்தது. பழனி வழியாகத் திண்டுக்கல்லுக்குத் தண்டவாளம் நீண்டது 1928-ல்தான். இடைப்பட்ட தொலைவை முருக பக்தர்கள் கால்நடையாகவோ மாட்டு வண்டியிலோ கடந்தார்கள். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. ரயில் விட்ட இடத்தில் பஸ்ஸைப் பிடித்தார், அவ்வளவுதான். நடுவில் உடுமலையும் மடத்துக்குளமும். இரண்டும் 2009 முதல் நம் மாவட்டம்.

அந்த ஒற்றை பஸ்தான் யூ.எம்.எஸ். என்கிற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. 1930-களில் 200-க்கும் மேற்பட்ட வண்டிகள். நேரம் தவறாத சர்வீஸ் என்று பேர். பிறகு பட்டறை வளர்ந்தது. சவர இயந்திரம், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப்பதிவுக் கருவி என்று அவர் கை வைக்காத துறை குறைவு. அந்தப் பட்டியலை எல்லா மலர்களும் போட்டுவிட்டன. நான் நிற்க விரும்புவது 1952-ல்.

அந்த ஆண்டு, இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். அரசாங்கம் உற்பத்திக்கு உரிமம் தரவில்லை. கார் அதோடு நின்றது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு ஞாபகம் வரும். அவரும் நாயுடு மாதிரிப் பண்ணை வீட்டுப் பிள்ளைதான். டெட்ராய்ட்டில் எடிசன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, வாடகை வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் சைக்கிள் சக்கரங்கள் மாட்டி ஒரு வண்டி செய்தார். 1896 ஜூன் 4 அதிகாலை, வெளியே தள்ளும்போது வாசல் அகலம் போதவில்லை. கோடரியால் செங்கல் சுவரை இடித்தார். பிரேக் கிடையாது, பின்னால் எடுக்கவும் வழியில்லை. 200 டாலருக்கு விற்ற அந்த வண்டியைப் பின்னாளில் தேடி வாங்கிக்கொண்டார். இப்போது டியர்பார்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய முதல் கம்பெனி மூடப்பட்டது. இரண்டாவதிலிருந்து வெளியேறினார். மூன்றாவதுதான் 1903-ல் தொடங்கிய ஃபோர்டு மோட்டார். 1908-ல் வந்த மாடல் டி ஒன்றரைக் கோடி விற்றது.

நாயுடுவின் கார் ஓடியிருக்குமா என்று கேட்டால், நிச்சயமில்லை என்பேன். 2,000 ரூபாய் விலையில் தொடர்ந்து செய்வது லேசான காரியமல்ல. ஃபோர்டுக்கு இரண்டு முறை தோற்கவாவது இடம் கிடைத்தது. பஞ்சில் தோற்ற நாயுடுவுக்கும் பஸ்ஸில் ஒரு இடம் கிடைத்தது. காரில் அவர் தோற்பதற்குக்கூட வழிவிடவில்லை. எனக்குள்ள ஆதங்கம் அதுதான்.

1974 ஜனவரி 4-ல் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பேரில் அருங்காட்சியகம் இருக்கிறது. 2015 முதல் பழைய கார்களுக்கென்றே தனிக்கூடம். பென்ஸின் 1886 வண்டியின் மறுஆக்கமும் அங்கே உண்டு. முன்னால் ஒற்றைச் சக்கரம், ஸ்டியரிங்குக்குப் பதில் ஒரு கைப்பிடி, இருக்கைக்குப் பின்னால் படுக்கைவாட்டில் பெரிய சுழல் சக்கரம். அதைக் கையால் சுற்றி விட்டால்தான் எஞ்சின் எழும். 2025 அக்டோபரில் திறந்த 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் நாயுடு பேர்தான்.

கோவை தன் பங்கைச் செய்துவிட்டது. நம் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்: உடுமலை பஸ் ஸ்டாண்டில் ஒரு பலகை வைக்கலாம். 1920, பொள்ளாச்சி – பழனி, யூ.எம்.எஸ். என்று மூன்று வரி போதும். செலவு ஒரு பேல் நூல் விலைகூட ஆகாது.